கதையில் யாருமே ஆச்சரியப்படாத இடத்தைத் தேடுங்கள்

டிஸ்டோபியா சிறுகதையைப் பற்றி, அதாவது கொடூரமான ஒரு கற்பனைச் சமூகத்தைக் காட்டும் கதையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், அந்த உலகத்துச் சட்டதிட்டங்களைத்தான் முதலில் பட்டியல் போடுவேன். கடைசியில் அது கதைச்சுருக்கமாகவே போய் நிற்கும். இப்போது வேறு வழி. இரண்டாம் முறை படிக்கும்போது கையில் பென்சில் இருக்கும். நமக்கு விசித்திரமாகத் தெரிந்தும் கதைக்குள் ஒருவரும் அலட்டிக்கொள்ளாத இடம் எது என்று பார்த்து அடிக்கோடு போடுகிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் 1948இல் எழுதிய 'தி லாட்டரி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 27, நல்ல வெயில். பையன்கள் பை நிறையக் கல் பொறுக்குகிறார்கள். பெரியவர்கள் கற்குவியலைவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று மழை, டிராக்டர், வரி என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதல் வாசிப்பில் அது ஏதோ விளையாட்டு. கடைசியில் குலுக்கலில் சீட்டு விழுந்தவரை ஊரே அந்தக் கற்களால் அடித்துக் கொல்லும். அந்த முடிவு தெரிந்து படித்தால், அந்தத் 'தள்ளி நின்று' வயிற்றைப் பிசைகிறது. அப்படிக் கல்லடி படப்போகும் டெஸ்ஸி 'இது நியாயமில்லை' என்று கத்துவதும் சீட்டு தன் வீட்டுக்கு விழுந்த பிறகுதான். அதுவரை அவளும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாள்!

அப்புறம், அடிக்கோடிட்ட ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே வரி: இது சாதாரணமாக இருப்பதால் யாருக்கு வசதி? மூன்று நான்கு வரி சேர்ந்தாலே கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

ஒன்று மட்டும் வேண்டாம். 'இக்கதை நம் சமூகத்தின் கண்ணாடி' என்று ஆரம்பிக்காதீர்கள். நானே நான்கு கட்டுரைகளில் அப்படி எழுதித் தொலைத்திருக்கிறேன்.