ஹெட்செட்டைத் தலையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே இருந்து கேம் விளையாடினாலும் காது வியர்க்கும். அதனால் ஹெட்செட்டில் நான் முதலில் பார்ப்பது காது மெத்தையைத்தான். செயற்கைத் தோல் மெத்தை வெளிச்சத்தத்தை நன்றாக மறைக்கும்; ஆனால் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், வியர்வையில் நாளடைவில் உரிந்தும் போகும். துணி மெத்தை நம் ஊருக்கு எவ்வளவோ மேல். கழற்றி மாற்றக்கூடியதா என்றும் கேளுங்கள்.

கடையில் பத்து நிமிடமாவது தலையில் இருக்கட்டும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடே போட்டுப் பாருங்கள். எடை 300 கிராமுக்குள் இருந்தால் நல்லது.

சரி, ஒலி? சுற்றிலும் இருந்து சத்தம் வரும் என்று சொல்லிப் பெட்டியில் போட்டிருக்கும் 7.1 என்ற எழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பெரும்பாலும் இரண்டே ஸ்பீக்கரை வைத்து மென்பொருள் செய்யும் வேலை அது. நல்ல ஸ்டீரியோவிலேயே எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரியும். உங்களுக்கு நன்றாகப் பழகிய பாட்டொன்றைப் போனில் போட்டுக் கேளுங்கள்: பேஸ் அதிர்வில் பாடுபவரின் குரல் அமுங்கினால், விளையாட்டில் காலடிச் சத்தமும் அமுங்கும்.

வயர் இல்லாதது வேண்டுமென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் யூஎஸ்பி டொங்கிளோடு (கணினியில் செருகும் சின்னக் கருவி) வருவதை எடுங்கள். புளூடூத்தில் சத்தம் சற்றுப் பிந்தித்தான் வரும்.