கண்ணில் பூச்சி பறப்பது போலத் தெரிந்தால்: எதை விட்டுவிடலாம், எதற்கு அன்றைக்கே போக வேண்டும்

வெள்ளைச் சுவரையோ பளிச்சென்ற வானத்தையோ பார்க்கும்போது நூலாக, புள்ளியாக, சிலந்தி வலையாக ஏதோ மிதக்கிறது. அதை நேராகப் பார்க்கலாம் என்று விழியைத் திருப்பினால் அதுவும் கூடவே ஓடுகிறது; விழி நின்ற பிறகும் கொஞ்சம் சறுக்கித்தான் நிற்கிறது. கண் மருத்துவர்கள் இதை ஃப்ளோட்டர் என்பார்கள். பல ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் ஒன்றிரண்டு ஃப்ளோட்டர்களால் பார்வைக்குக் கேடு இல்லை. நேற்றுவரை இல்லாதது இன்று வந்திருக்கிறது என்றால் விஷயமே வேறு.

மிதப்பது எது

கண்ணின் லென்ஸுக்கும் விழித்திரைக்கும் இடையே உள்ள இடத்தை விட்ரியஸ் என்ற கூழ் நிரப்பியிருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு போன்ற பதம். அளவு சுமார் 4 மில்லி. அதில் 98 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். மிச்சம் கொலாஜன் என்ற புரத இழைகளும் ஹைலூரானிக் அமிலமும். வயதாக ஆக இந்தக் கூழ் உள்ளுக்குள்ளேயே நீர்த்துப்போகிறது, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. வெளிச்சம் உள்ளே போகும்போது அந்தத் திரளின் நிழல் விழித்திரையில் விழுகிறது. நாம் பார்ப்பது அந்த நிழலை.

நிழல் என்று தெரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். திரள் விழித்திரைக்கு அருகில் இருந்தால் நிழல் கூர்மையாக இருக்கும், தள்ளியிருந்தால் மங்கலாகப் பரவும். வெளிச்சம் அதிகமானால் கண்மணி சுருங்கும், நிழல் இன்னும் அழுத்தமாகும். வெயிலிலும் வெள்ளைத் திரையிலும் தொந்தரவு கூடுவது இதனால்தான். மங்கலான அறையில் தெரியவில்லை என்பதால் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

பெரும்பாலும் 50 வயதைத் தாண்டிய பிறகு இன்னொன்றும் நடக்கும். கூழின் பின்புற உறை விழித்திரையிலிருந்து கழன்று முன்னால் வந்துவிடும். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் ஆகியோருக்கு இது முன்கூட்டியே வரலாம். பார்வை நரம்பைச் சுற்றி ஒட்டியிருந்த பகுதி வளையமாகப் பிய்ந்து வருவதால், திடீரென்று ஒரு பெரிய வளையமோ வலையோ கண்முன் ஆடும். கூழ் விழித்திரையை இழுக்கும்போது பக்கவாட்டில் மின்னல் வெட்டுவது போல ஒளி தெரியும். இருட்டில் விழியை அசைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

பெரும்பாலோருக்குக் கூழ் அலுங்காமல் கழன்றுவிடும். சிலருக்கு அது ஓரிடத்தில் இறுக ஒட்டியிருக்கும். இழுக்கும் இழுப்பில் விழித்திரையே கிழியும். கிழிசல் வழியே நீர் புகுந்தால் விழித்திரை பின்சுவரிலிருந்து பிரியத் தொடங்கும். விழித்திரைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. அதனால் "வலிக்கவில்லையே" என்பது இங்கே எந்த ஆறுதலும் அல்ல.

அன்றைக்கே போக வேண்டியவை

- திடீரென்று புது ஃப்ளோட்டர்கள், அல்லது பழையவை சட்டென்று பெருகுவது
- கருப்பு மிளகுத்தூளைத் தூவியது போன்ற புள்ளிகள், புகை, சிவப்பு மூட்டம் (கண்ணுக்குள் ரத்தக் கசிவாக இருக்கலாம்)
- புதிதாக மின்னல் ஒளி
- ஓரத்திலிருந்து திரை இறங்குவது அல்லது ஏறுவது போன்ற நிழல்
- பார்வை மங்குவது
- கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசும்போது வரும் புள்ளிகள் (உட்கண் அழற்சி)

திரை போன்ற நிழல் தெரிந்தால் மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது. இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போவதே சரி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் புகை போன்ற மிதப்பை "வயசாயிடுச்சு" என்று தள்ளிப்போட வேண்டாம். பலவீனமான புது ரத்தக் குழாய்கள் கசிவதன் முதல் அடையாளமாக அது இருக்கலாம்.

வீட்டில் பார்த்துக்கொள்வது

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சோதித்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடுங்கள். வெளிச்சமான வெற்றுச் சுவரைப் பார்த்து, என்ன வடிவம், எத்தனை, எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் வரைந்து தேதி போடுங்கள். அடுத்து, சுவரில் ஒரு புள்ளியை மட்டும் பார்த்தபடி, விரலை ஆட்டிக்கொண்டே மேலிருந்தும் கீழிருந்தும் இடம் வலமிருந்தும் உள்ளே கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் மட்டும் விரல் தாமதமாகத் தெரிந்தால் கவனிக்க வேண்டும். பிறகு அடுத்த கண். இந்தச் சோதனை மாற்றத்தைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். எல்லாம் சரியாக இருந்தாலும் புதுப் புள்ளிகளுக்கு மருத்துவப் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் சிறு கிழிசல் பார்வையில் எதையும் காட்டாது.

ஃப்ளோட்டர் போலத் தோன்றி ஏமாற்றுபவையும் உண்டு. நீல வானத்தில் துள்ளி ஓடும் பொடிப் பொடி ஒளிப்புள்ளிகள் விழித்திரை நுண்குழாய்களில் ஓடும் வெள்ளணுக்கள், எல்லோருக்கும் இயல்பு. இரு கண்ணிலும் பளபளக்கும் கோணல்மாணல் கோடு தோன்றி, விரிந்து, ஒரு மணி நேரத்துக்குள் மறைந்தால் பெரும்பாலும் ஒற்றைத் தலைவலியைச் சேர்ந்தது. மிதக்காமல், பார்வையின் நடுவிலேயே அசையாமல் நிற்கும் கருப்புத் திட்டு ஃப்ளோட்டர் அல்ல. அதற்கும் சீக்கிரம் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பரிசோதனையில் நடப்பது

கண்மணியை விரிக்காமல் பார்த்தால் விழித்திரையின் ஓரம் தெரியாது. கிழிசல் வருவதோ பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் அது போதாது. சொட்டு மருந்து விட்டு 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதன் பிறகு 4 முதல் 6 மணி நேரம் வரை கிட்டத்தில் மங்கும், வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல், துணைக்கு ஆளும் ஒரு கருப்புக் கண்ணாடியும் கொண்டுபோங்கள். மருத்துவர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, இமைக்கு மேல் சிறு கருவியால் அழுத்தி ஓரங்களைப் பார்ப்பார். அது கொஞ்சம் சங்கடமாக இருக்கும், ஆனால் மிகவும் பயனுள்ள பகுதி அதுதான். ரத்தம் மறைத்து உள்ளே எதுவும் தெரியாவிட்டால் பி ஸ்கேன் என்ற அல்ட்ராசவுண்ட் படம் எடுப்பார்கள்.

கூழ் கழன்று, புது அறிகுறிகளோடு வருபவர்களில் நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்குக் கிழிசல் இருக்கும். முதல் நாள் எதுவும் இல்லை என்றாலும் 4 முதல் 6 வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். இழுப்பு இன்னும் முடிந்திருக்காது என்பதே காரணம். பலரும் தவறவிடுவது இந்த இரண்டாவது பரிசோதனையைத்தான்.

கிழிசல் இருந்தால் அதைச் சுற்றி லேசரால் வரிசையாகச் சுட்டு வேலி போடுவார்கள். அந்தத் தழும்பு இறுக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இந்த லேசர் கிழிசலை அடைக்கத்தான். ஃப்ளோட்டரைக் கரைக்க அல்ல. "லேசர் வைத்தும் பூச்சி போகவில்லையே" என்று ஏமாற வேண்டாம். விழித்திரை ஏற்கெனவே பிரிந்திருந்தால் அறுவைதான் வழி. நடுப்பகுதி பிரிவதற்குள் செய்தால் பார்வை நன்றாகத் தேறும். ஒவ்வொரு மணி நேரத்தையும் கணக்கிட்டு அவசரப்படுத்துவது அதற்காக.

கிழிசல் இல்லை, ஆனால் தொல்லை

முதல் சிகிச்சை காத்திருப்பது. தட்டிக்கழிக்கும் பேச்சல்ல இது: திரள் மெல்லக் கீழிறங்கி நடுப்பார்வையை விட்டு விலகும், மூளையும் பழகி அதைப் புறக்கணிக்கும். இதற்குச் சில மாதங்கள் பிடிக்கலாம். அதுவரை திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, கருப்புப் பின்னணிக்கு மாற்றுங்கள். வெயிலில் கருப்புக் கண்ணாடி அணியுங்கள். படிக்கும்போது குறுக்கே வந்தால் விழியை இரண்டு மூன்று முறை மேலும் கீழும் அசைத்தால் கூழ் சுழன்று நிழல் நகரும். அதையே தேடித் தேடிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். மூளை பழகுவதை அது தாமதப்படுத்தும். சொட்டு மருந்து, வைட்டமின் மாத்திரை, கண் பயிற்சி எதுவும் ஃப்ளோட்டரைக் கரைப்பதாக நிரூபணமில்லை.

ஆறு மாதம் கழித்தும் வாசிப்பதும் வண்டி ஓட்டுவதும் சிரமமாகவே இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது யாக் லேசர்: 1064 நானோமீட்டர் அலைநீளத் துடிப்புகளால் திரளை ஆவியாக்குவது, துண்டாக்குவது. கெட்டியான ஒற்றை வளையம், விழித்திரையிலிருந்து குறைந்தது 3 மி.மீ., லென்ஸிலிருந்து 5 மி.மீ. தள்ளியிருந்தால் ஏற்றது. இளைஞர்களுக்கு வரும் மெல்லிய இழைகள் விழித்திரையை ஒட்டியே இருப்பதால் அவற்றுக்குச் சரிவராது. வளைய ஃப்ளோட்டர் உள்ள 52 பேரிடம் செய்யப்பட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வில், லேசர் பெற்றவர்களின் தொல்லை சராசரியாக 54 சதவீதமும், ஒப்பிடுவதற்காகப் போலி லேசர் (உண்மையில் சிகிச்சை இல்லாதது) பெற்றவர்களுக்கு 9 சதவீதமும் குறைந்தது. உதவுகிறது, ஆனால் எல்லோருக்கும் முழுதாகப் போக்குவதில்லை. குறி தவறினால் லென்ஸில் புரை, விழித்திரையில் காயம், கண் அழுத்தம் கூடுவது ஆகியவை நேரலாம்.

இரண்டாவது விட்ரெக்டமி. கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மி.மீ. தள்ளி மூன்று நுண்துளைகள் இட்டு, சுமார் அரை மி.மீ. தடிமனுள்ள கருவியால் கூழை வெட்டி உறிஞ்சி, உப்புக் கரைசலை நிரப்புவார்கள். ஃப்ளோட்டரை உறுதியாக நீக்குவது இதுதான்; ஆபத்தும் இதற்குத்தான் அதிகம். சொந்த லென்ஸ் உள்ளவர்களுக்கு (கண்புரை அறுவை செய்துகொள்ளாதவர்களுக்கு), குறிப்பாக 50 வயதைத் தாண்டினால், அடுத்த சில ஆண்டுகளில் கண்புரை வர வாய்ப்பு அதிகம். நூற்றுக்குச் சிலருக்கு விழித்திரை பிரியலாம். மிக அரிதாகக் கண்ணுக்குள் கிருமி புகலாம். கூழ் இன்னும் கழலாத இளவயதினருக்கு அதை வலிந்து பிரிக்க வேண்டியிருப்பதால் கிழிசல் ஆபத்து கூடும். முப்பது வயதில் நான்கு நூல் மிதப்பதற்காக இதைச் செய்துகொள்வது பெரும்பாலும் நல்ல பேரம் அல்ல.

சம்மதிக்கும் முன் கேளுங்கள்: கூழ் முழுதாகக் கழன்றுவிட்டதா? என் லென்ஸின் நிலை என்ன? இந்த அறிகுறிக்காக மட்டும் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அறுவைக்குப் பின் முதல் வாரத்தில் வலி குறையாமல் கூடினாலோ பார்வை இறங்கினாலோ அன்றே திரும்பிப் போக வேண்டும். அறுவையின்போது கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைத்திருந்தால் அது கரையும்வரை விமானத்தில் ஏறக் கூடாது. வேறு எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு அந்தக் குமிழைப் பெருக்கிவிடும்.