தென்பெண்ணையில் கல்லைப் புரட்டிப் பார்ப்போம்: ஆற்றுப் பூச்சிகளைக் கணக்கெடுக்கும் முறை

கருவியால் சோதித்தால் தண்ணீரின் அந்த நேரத்து நிலை மட்டுமே தெரியும். கல்லுக்கு அடியில் வாரக்கணக்கில், சில மாதக்கணக்கில் வாழும் பூச்சிகளோ, முந்தைய வாரம் கழிவு வந்து போயிருந்தாலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இருமத்தூர், அனுமன்தீர்த்தம் பக்கம் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் சலசலத்து ஓடும் கல் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் ஆற்றில் இறங்கவே கூடாது. காவிரியில் உள்ள ஒகேனக்கல்லைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது.

சட்டத்தில் அடித்த கொசுவலையை நீரோட்டத்திற்கு எதிராக, ஆற்றுத் தரையைத் தொடும்படி ஒருவர் பிடிக்க, மற்றவர் வலைக்குச் சற்று முன்னால், தண்ணீர் வரும் பக்கத்தில் நின்று மூன்று நிமிடம் கற்களைக் காலால் கிளற வேண்டும். பெரிய கற்களைக் கையில் எடுத்து, வலையின் முன்னால் மெதுவாகத் தேய்த்துவிடலாம். வலையில் சிக்கியதை ஆற்று நீர் நிரப்பிய வெள்ளைத் தட்டில் கவிழ்த்து, கலங்கல் தெளியும்வரை பொறுத்திருங்கள்.

வயிற்றின் இருபுறமும் இலை போன்ற செவுள்கள் படபடக்க, பெரும்பாலும் மூன்று வால்களுடன் தெரிவது மேஃபிளை (mayfly) என்ற பூச்சியின் இளம்பருவம். மணல் துகள்களைப் பட்டிழையால் ஒட்டிய சிறு குழாய் நகர்ந்தால், உள்ளே இருப்பது கேடிஸ் (caddisfly) பூச்சியின் புழு. அதை வெளியே இழுத்துவிடாதீர்கள். முதல்முறை என் தட்டு முழுவதும் செம்புழுக்கள் நெளிந்ததைக் கண்டு, ஆறு செழிப்பாக இருப்பதாக மகிழ்ந்துவிட்டேன். ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அவை பிழைத்துக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே எண்ணிக்கையை விட வகையே முக்கியம். நீர்வாழ் பூச்சிகளை வைத்து ஆற்றின் தரத்தை மதிப்பிடும் பிஎம்டபிள்யூபி (BMWP) முறையில் ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்திற்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு; மாசைத் தாங்காத குடும்பத்திற்கு மதிப்பெண் அதிகம். செம்புழு அடங்கிய கைரோனோமிடே குடும்பத்திற்கு 2. மேஃபிளைகளிலும் பேட்டிடேவுக்கு 4 மட்டுமே, ஹெப்டஜெனிடேவுக்கு 10. எத்தனை பூச்சிகள் இருந்தாலும் ஒரு குடும்பத்தை ஒருமுறைதான் கணக்கிட வேண்டும். கூட்டுத்தொகையைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும்; அது கூடுதலாக இருந்தால் தண்ணீர் சுத்தம். நீர்ப்பரப்பின் மேல் ஓடும் பூச்சிகள் காற்றைச் சுவாசிப்பவை என்பதால், அவற்றை மட்டும் வைத்து நீரின் தரத்தை முடிவு செய்ய இயலாது.

தட்டை நிழலில் வைத்து, பத்து நிமிடங்களுக்குள் எடுத்த இடத்திலேயே பூச்சிகளை விட்டுவிடுங்கள். புரட்டிய கல்லைப் பழைய அடிப்பக்கம் கீழே இருக்கும்படியே வையுங்கள். முட்டைகளும் கேடிஸ் கூடுகளும் அங்கேதான் ஒட்டியிருக்கும். கரையிலுள்ள கோரையையும் நாணலையும் வெட்டாதீர்கள். தட்டான்கள் பலவற்றின் இளம்பருவம் அவற்றில் ஏறித்தான் தோலுரித்துப் பறக்கும். மாந்தோப்பில் தத்துப்பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் தெளித்த டேங்கை ஆற்றில் கழுவக் கூடாது என்பதையும் அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் எடுத்துச் சொல்லுங்கள். மேஃபிளைகளுக்கு அந்த மருந்து மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சாகும்.