மருத்துவமனைக் கட்டடக் கணக்கு: எங்கே கோட்டை விடுகிறோம்?

அரசு மருத்துவமனைக் கட்டடங்களுக்கு ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம், தண்ணீர், துப்புரவுச் செலவு, பராமரிப்புச் செலவு ஆகிறது என்று மேலிடம் கேட்கிறது. ஒரு எக்செல் படிவம் போகிறது, கடைசித் தேதிக்கு முந்தின நாள் ராத்திரி யாரோ உட்கார்ந்து நிரப்பி அனுப்புகிறார், எல்லாவற்றையும் கூட்டினால் அறிக்கை ரெடி. எந்தக் கட்டடத்துக்கு முதலில் நிதி என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். கூட்டுவதை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். எண் எங்கே பிறக்கிறதோ, அதாவது மீட்டர் பக்கத்திலும் பதிவேட்டிலும், அங்கேதான் கெட்டுப்போகிறது.

முதலில் பரப்பளவு. மின்சாரமோ துப்புரவோ, எதை ஒப்பிட்டாலும் கடைசியில் இதனால்தான் வகுக்கிறோம், ஆனால் இதைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கட்டடம் திறந்தபோது வரைபடத்தில் இருந்த எண்ணே வருஷா வருஷம் நகலாகி வரும். நடுவில் மாடி ஏறியிருக்கும், ஒரு பிளாக் இடிபட்டிருக்கும், இன்னொன்று பூட்டியே கிடக்கும். சுவர், நடைபாதை, ஜெனரேட்டர் அறை எல்லாம் சேர்த்தா, வார்டு மட்டுமா என்று படிவம் சொல்லாவிட்டால் ஒவ்வொருவரும் ஒரு விதமாக அளப்பார்கள். சதுர அடியை சதுர மீட்டர் கட்டத்தில் போட்டுவிட்டால் எண் 10.76 மடங்கு வீங்கிவிடும், உலகத்திலேயே சிக்கனமான மருத்துவமனை அதுதான் என்று அறிக்கை சொல்லும். பரவாயில்லை, இது பார்த்த உடனே தெரிந்துவிடும். நடைபாதையை விட்டதால் வரும் பதினைந்து, இருபது சதவீத வித்தியாசம்தான் ஆபத்து, ஏனென்றால் அது பார்க்க நியாயமாகவே இருக்கும்.

அடுத்து மின்சாரம். பெரிய கட்டடங்களில் மொத்த மின்னோட்டமும் மீட்டர் வழியாகப் போகாது, சி.டி. என்கிற மின்மாற்றி அதைக் குறைத்துத்தான் அனுப்பும். சி.டி. 200/5, அதாவது 200 ஆம்பியரை 5 ஆக்குவது என்றால் ரீடிங் வித்தியாசத்தை 40-ஆல் பெருக்க வேண்டும்: 1,250 என்று வந்தால் உண்மையில் 50,000 யூனிட். (சில மீட்டர்கள் தாங்களே பெருக்கிக் காட்டும், அங்கே மறுபடி பெருக்கினால் அது தனிக் கூத்து.) லோடு கூடியதால் நடு வருஷத்தில் 400/5 மாட்டியிருப்பார்கள், இப்போது பெருக்க வேண்டியது 80. மாட்டினவருக்குத் தெரியும், ரீடிங் எழுதுகிறவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த மாதத்திலிருந்து செலவு பாதியாகிவிட்டதாகக் கணக்கு காட்டும், அதற்கு யாராவது பாராட்டுக் கடிதம்கூட அனுப்பலாம். படிவத்தில் ரீடிங்கையும் பெருக்க வேண்டிய எண்ணையும் தனித்தனிக் கட்டங்களாகக் கேளுங்கள், விடையை மட்டும் கேட்காதீர்கள்.

ஜெனரேட்டர் விஷயத்தில் வாங்கின டீசலை எரித்த டீசலாக எழுதுவது வழக்கம். நிதியாண்டு முடியும் நேரத்தில் மிச்சப் பணத்துக்கு டேங்கை நிரப்பியிருந்தால் அந்த ஆண்டு எரிபொருள் எகிறும், அடுத்த ஆண்டு விழும். ஆரம்ப இருப்பு, வாங்கியது, கடைசி இருப்பு மூன்றையும் கேட்டால் இந்தச் சிக்கலே இல்லை. இன்னொன்று, ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது, ஜெனரேட்டர் அதில் மூன்றோ மூன்றரையோதான் மின்சாரமாகத் தரும். டீசலையும் எழுதி, ஜெனரேட்டர் தந்த யூனிட்டையும் எழுதி, இரண்டையும் கூட்டினால் ஒரே ஆற்றலை இரண்டு தடவை எண்ணுகிறோம்.

தண்ணீருக்கு பில் மட்டும் பார்த்தால் போதாது, ஆழ்துளைக் கிணறும் லாரியும் பில்லில் வராது. ஒரே மீட்டரில் செவிலியர் விடுதியும் கேன்டீனும் ஓடினால் அதையும் குறித்துவிடுங்கள்.

இப்போது எனக்கு ரொம்ப எரிச்சலூட்டும் ஒன்று: பூஜ்யம். லிஃப்ட் எத்தனை தடவை பழுதானது என்ற கட்டத்தில் 0 வந்தால் என்ன அர்த்தம்? ஒரு தடவையும் பழுதாகவில்லையா, பழுதை யாரும் எழுதி வைக்கவில்லையா, லிஃப்டே கிடையாதா? காலியாக விட்டால் அனுப்ப முடியாது என்று படிவத்தைப் பூட்டி வைத்தால் எல்லோரும் 0 போட்டுத் தப்பிப்பார்கள், வேறு என்ன செய்வார்கள்? 'தெரியாது', 'பொருந்தாது' என்று இரண்டு தேர்வு கொடுங்கள், 'தெரியாது' போட்டவரைத் திட்டாதீர்கள்.

இதோடு ஒட்டிய பெரிய தவறு, புகார் எண்ணிக்கையை வைத்து மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவது. ஒழுகும் குழாய், வேலை செய்யாத ஏ.சி. என்று ஒன்று விடாமல் எழுதும் பொறியாளரின் கட்டடம்தான் பட்டியலில் மோசமாகத் தெரியும், பதிவேட்டையே திறக்காதவர் முதலிடம் வாங்குவார். அடுத்த வருஷம் ஒன்று விடாமல் எழுதிய அந்தப் பொறியாளரும் எழுதுவதை நிறுத்திவிடுவார்.

படுக்கைக் கணக்கிலும் ஒரு குழி உண்டு. அனுமதிக்கப்பட்ட படுக்கை, உண்மையில் போட்டிருப்பது, நோயாளி இருப்பது மூன்றும் வேறு வேறு. எதைக் கேட்கிறோம் என்று சொல்லாமல் 'ஒரு படுக்கைக்கு இவ்வளவு யூனிட்' என்று போடுவதில் பயனில்லை.

தள்ளிப்போட்ட பழுதுகளுக்கு ஒரே மொத்தத் தொகையைக் கேட்பதும் வேண்டாம். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனைகளிடம் ஆண்டுதோறும் 'எரிக்' என்ற பெயரில் இந்தத் தகவல்களைத் திரட்டுகிறார்கள். அங்கே பாக்கிப் பராமரிப்பை அபாயத்தைப் பொறுத்து நான்கு வகையாகப் பிரித்து வாங்குவார்கள். 2023-24-இல் அந்த பாக்கி 1,380 கோடி பவுண்ட். பெயின்ட் உதிர்ந்த சுவரும் உயிருக்கு ஆபத்தான மின்வயரிங்கும் ஒரே தொகைக்குள் கலந்திருந்தால் அதை வைத்து எதை முதலில் சரிசெய்வது?

சரிபார்க்கும்போது போன வருஷத்தோடு ஒப்பிட்டு, 20 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணம் கேட்பது நல்ல வழிதான். ஆனால் விசாரணைக்குப் பயந்து போன வருஷ எண்ணையே இரண்டு சதவீதம் கூட்டி அனுப்புகிறவர்களும் உண்டு, அதனால் மாறாத எண்ணையும் சந்தேகியுங்கள். பன்னிரண்டு மாதமும் மருத்துவக் கழிவு ஒரே எடை என்றால் தராசு பழுதாகி ரொம்ப நாளாகியிருக்கும், அல்லது பைகளை எண்ணி உத்தேசமாகப் பெருக்கியிருப்பார்கள். அப்புறம், திருத்தம் வந்தால் பழைய எண்ணை அழித்து மேலே எழுதாதீர்கள். யார், என்றைக்கு, எதற்காக மாற்றினார் என்பதோடு இரண்டும் இருக்கட்டும்.