வலி நின்றால் கல் விழுந்துவிட்டதா?

போன வாரம் எங்கள் லேத் பட்டறையில் ஒரு தம்பி சொன்னான்: "வாழைத்தண்டுச் சாறு குடிச்சேன், வலி விட்டுடுச்சு அண்ணே. கிட்னி கல்லு விழுந்திருக்கும்." 11 வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். அப்புறம் இரண்டு முறை கல் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிட்டு, பலரும் கோட்டைவிடும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

வலி நின்றதும் ஸ்கேனை மறப்பது

முதல் முறை எனக்கு 7 மி.மீ. கல். விலாவுக்குக் கீழே தொடங்கி விரை வரை இறங்கும் வலி. உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது, வாந்தி வேறு. ஊசி போட்டு மூன்றாம் நாள் வலி சுத்தமாக நின்றது. நான்கு வாரம் கழித்து ஸ்கேன் எடுத்து வரும்படி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப்பையிலேயே கிடந்தது. ஐந்து மாதம் கழித்து வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது, இடது சிறுநீரகம் நீர் கோத்து வீங்கியிருந்தது. கல் இறங்கவே இல்லை. சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவி விட்டு, லேசரில் உடைத்து எடுத்தார்கள். அந்தச் சிறுநீரகம் இழந்த திறன் முழுதாகத் திரும்பவில்லை. ஒரு ஸ்கேன் செலவில் முடிந்திருக்க வேண்டியது. இன்றும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

கல் குத்துவதால்தான் வலி என்று நினைக்கிறோம். கல் சிறுநீர்க் குழாயை அடைக்கும்போது, அதற்கு மேலே தேங்கும் சிறுநீரின் அழுத்தம்தான் பெரிய காரணம். அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். அழுத்தம் இறங்கும், வலியும் அடங்கும், கல் மட்டும் அங்கேயே இருக்கும். 5 மி.மீ.க்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தானாக விழும் என்பது உண்மைதான். விழுந்ததா என்பதை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். தம்பிக்கு நாளைக் காலை எடுக்கிறோம், நானே கூட்டிப்போகிறேன்.

வலிக்கும்போது செம்பு செம்பாகத் தண்ணீர்

அடைத்த குழாய்க்கு மேலே இன்னும் நீர் சேர்ந்தால் வலிதான் கூடும்.

தயிரை நிறுத்துவது

கால்சியம் கல் என்றதும் பால், தயிரை ஒதுக்கிவிடுகிறார்கள். சாப்பாட்டோடு சேரும் கால்சியம், கல்லாகப் படியும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். குறைக்க வேண்டியது உப்பை: ஊறுகாய், அப்பளம், கருவாடு.

விழுந்த கல்லைத் தூக்கிப் போடுவது

சிறுநீரை வடிகட்டி, கல்லைப் பிடித்து, என்ன வகை என்று பார்க்க லேபில் கொடுங்கள். யூரிக் அமிலக் கல் என்றால், அடுத்தது வரும்போது மருந்திலேயே கரைக்க வாய்ப்புண்டு.

ஸ்டென்ட் எடுக்கும் தேதி

ஸ்டென்ட் என்பது சிறுநீர் தடையில்லாமல் இறங்க உள்ளே வைக்கும் மெல்லிய குழாய். அதை எடுக்கும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். மாதக்கணக்கில் உள்ளே விட்டால் அதன்மேலேயே கல் படியும்.

கல்லோடு குளிர்காய்ச்சல்

விடியும்வரை காத்திருக்காதீர்கள். அப்போதே மருத்துவமனை.