கணினிக்கும் பிஎஸ்5-க்கும் ஒரே மானிட்டர்: வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

2022 தொடக்கத்தில் 27 இன்ச் மானிட்டர் ஒன்று வாங்கினேன். 1440பி (திரையில் மேலிருந்து கீழாக 1440 புள்ளி வரிசைகள்), 165 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 165 தடவை படம் மாறும்) என்று பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கணினியில் மாட்டினேன், அருமையாக இருந்தது. அதே மேசையில் இருந்த பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கன்சோலை மாட்டியதும் எழுத்தெல்லாம் மசமசவென்று தெரிந்தது. மானிட்டரில்தான் கோளாறு என்று நினைத்து, மறுபடி பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு கடைக்கே போய்விட்டேன். கடைக்காரர் தன் கணினியில் மாட்டிக் காட்டினார். பளிச்சென்று தெரிந்தது. அசடு வழியத் திரும்பி வந்தேன்.

தப்பு என் மேல்தான். பிஎஸ்5-க்கு அப்போது 1440பி என்று ஒன்று இருப்பதே தெரியாது. திரை 4கே (2160 வரிசைகள்) வாங்கிக்கொண்டால் 4கே கொடுக்கும், இல்லையென்றால் நேராக 1080பி-க்கு இறங்கிவிடும். அந்த 1080பி படத்தை என் மானிட்டர் இழுத்து நிரப்பியதால் வந்த மசமசப்பு அது. 2022 செப்டம்பர் அப்டேட்டில்தான் 1440பி வந்து சேர்ந்தது. அதுவரை எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன்.

போன மாதம் மாமா பையனுக்கு மானிட்டர் வாங்க, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கூடப் போனேன். கையில் 20,000 ரூபாய். வீட்டில் ஒரு கணினி, ஒரு பிஎஸ்5. அன்று என்ன பார்த்தோம், எந்த வரிசையில் பார்த்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். 

படி 1: எதையெல்லாம் மாட்டப் போகிறீர்கள்?

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாதாரண பிஎஸ்4 (ப்ரோ அல்ல) மட்டும் என்றால் அது 1080பி, 60 ஹெர்ட்ஸ் தாண்டாது. பழைய நின்டெண்டோ ஸ்விட்சும் அப்படித்தான். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 1440பி-யைக் குறிவைத்தே செய்யப்பட்டது. பிஎஸ்5, சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே, 120 ஹெர்ட்ஸ் வரை போகும். கணினியில் எந்த கிராஃபிக்ஸ் கார்டு (கேமின் படத்தை உருவாக்கும் பாகம்) என்பதையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. நேராகக் கடைக்குப் போய் "நல்ல கேமிங் மானிட்டர் காட்டுங்க" என்கிறார்கள். கடைக்காரரும் காட்டுவார், கன்சோல் எட்டவே முடியாத 240 ஹெர்ட்ஸில்.

படி 2: அளவும் தெளிவும்

1080பி என்றால் 24 இன்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளிகள் இருக்கும். அதே 1080பி-யை 27 இன்ச்சில் விரித்தால் 82 ஆகிவிடும். மேசையில் இரண்டடி தள்ளி உட்கார்ந்து எக்செல் பார்க்கும்போது எழுத்தின் ஓரங்கள் பல்லிளிக்கும். 27 இன்ச்சில் 1440பி என்றால் 109 புள்ளிகள். கேமுக்கும் வேலைக்கும் சேர்த்து எனக்குப் பிடித்தது இதுதான்.

4கே வேண்டாமா என்று பையன் கேட்டான். கன்சோல் மட்டும் என்றால் யோசிக்கலாம். ஆனால் கணினி பாவம். 1440பி-யில் ஒரு ஃப்ரேமுக்கு (திரையில் வரும் ஒரு படத்துக்கு) சுமார் 37 லட்சம் புள்ளிகள், 4கே-யில் 83 லட்சம். இரண்டு மடங்குக்கும் மேல். அவனிடம் இருக்கும் கார்டு மூச்சு வாங்கிவிடும். மானிட்டரில் மிச்சம் பிடித்த பணத்தைப் பின்னாடி கார்டில் போடலாம் என்றேன்.

படி 3: பின்பக்கம்

கன்சோல் மாட்டுபவர்கள் அதிகம் விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பெட்டியில் போட்டிருக்கும் 165, 180 எல்லாம் பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட் என்ற கேபிள் ஓட்டை வழியே கிடைக்கும் வேகம். கன்சோல் எதிலும் டிஸ்ப்ளேபோர்ட் கிடையாது, டிவியில் இருப்பது போன்ற எச்டிஎம்ஐ ஓட்டை மட்டும்தான். எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எச்டிஎம்ஐ-யில் எவ்வளவு?

கடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

"அண்ணே, இதுல எச்டிஎம்ஐ-ல எத்தனை ஹெர்ட்ஸ் வரும்?"

"165 தம்பி. பெட்டியிலயே போட்டிருக்கே."

"அது டிஸ்ப்ளேபோர்ட்டுக்குண்ணே. எச்டிஎம்ஐ-க்கு?"

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் வரும்" என்றார். வராது. அவர் பொய் சொல்லவில்லை, பெட்டியில் அந்த விவரமே இல்லை. தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் பயனர் கையேட்டை இறக்கி, எச்டிஎம்ஐ என்ற வரிக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று போனிலேயே பார்த்தோம். அந்த மாடலில் 144 என்றிருந்தது. போதும்.

ஏன் போதும்? பழைய எச்டிஎம்ஐ 1.4 வகை என்றால் 1440பி-யில் 60, 75-ஐத் தாண்டுவதே கஷ்டம். எச்டிஎம்ஐ 2.0 வினாடிக்கு 18 ஜிகாபிட் கடத்தும். அதில் 1440பி-யில் 144 ஹெர்ட்ஸ் வரை போகும், 4கே என்றால் 60-தான். எச்டிஎம்ஐ 2.1-இன் உச்சம் 48 ஜிகாபிட். 4கே-யில் 120 வேண்டுமானால் அந்த அகலப் பாதை வேண்டும். நமக்குத் தேவை 1440பி-யில் 120 என்பதால் 2.0-வே தாராளம். 2.1 என்ற ஓர் எழுத்துக்காக ஐந்தாயிரம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

அந்த எழுத்தை நம்பவும் முடியாது. 2.1 தரத்தில் இருக்கும் புதிய வசதிகள் எல்லாமே விருப்பத் தேர்வுதான். பழைய 18 ஜிகாபிட் பாதையை வைத்துக்கொண்டே ஒரு நிறுவனம் 2.1 என்று அச்சடிக்கலாம், விதிப்படி அதில் தப்பில்லை. எண்ணைப் பார்க்காமல், "4கே-யில் எத்தனை ஹெர்ட்ஸ், விஆர்ஆர் உண்டா" என்று தனித்தனியாகப் பாருங்கள்.

விஆர்ஆர் என்றால், கேம் தரும் ஃப்ரேமுக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்வது. ஃப்ரேம் ஏறி இறங்கினாலும் படம் கிழியாது. ஃப்ரீசிங்க் (ஏஎம்டி நிறுவனத்தின் விஆர்ஆர் முறை) என்று பெட்டியில் போட்டிருந்தால் எக்ஸ்பாக்ஸுக்குச் சரி, அது எச்டிஎம்ஐ வழியே ஃப்ரீசிங்க்கை ஏற்கும். பிஎஸ்5 ஏற்காது. அதற்கு எச்டிஎம்ஐ 2.1-இல் வரையறுத்த விஆர்ஆர்தான் வேண்டும், அதுவும் 48-லிருந்து 120 ஹெர்ட்ஸுக்குள் மட்டும். 1440பி-யில் அந்த விஆர்ஆர் 2023 மார்ச்சில்தான் வந்தது. என் பழைய மானிட்டரில் ஃப்ரீசிங்க் உண்டு, பிஎஸ்5-இல் விஆர்ஆர் இன்றுவரை இல்லை. பெரிய குறையாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், ஓட்டைகளை எண்ணுங்கள். விலை குறைந்த சிலவற்றில் ஓர் எச்டிஎம்ஐ, பழங்கால விஜிஏ ஒன்று மட்டும் இருக்கும். கன்சோலுக்கு ஒருமுறை, கணினிக்கு ஒருமுறை என்று கேபிளைப் பிடுங்கி மாட்டிக்கொண்டே இருந்தால் மூன்றே நாளில் வெறுத்துவிடும். கணினிக்கு டிஸ்ப்ளேபோர்ட், கன்சோலுக்கு எச்டிஎம்ஐ, கூடவே ஹெட்போன் ஓட்டை ஒன்று. பிஎஸ்5-இல் புளூடூத் ஹெட்செட்டை நேரடியாக இணைக்க முடியாது. மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லாமல் இருந்தால் அந்தச் சின்ன ஓட்டை கைகொடுக்கும்.

படி 4: பேனல்

பேனல் என்பது திரையின் வகை. ஐபிஎஸ் வகையை வாங்குங்கள். விஏ என்ற இன்னொரு வகையில் கருமை நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விலை குறைந்த விஏ-க்களில் இருட்டுக் காட்சி வேகமாக நகரும்போது பின்னால் கறுப்பு நிழல் இழுபடும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அதன் பிறகு அது மட்டும்தான் தெரியும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பதே அதிகம் என்றால் நீங்கள் விஏ கட்சி. நான் இல்லை.

எச்டிஆர் 400 (வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் காட்டும் முறைக்கான சான்றிதழ்) என்ற ஸ்டிக்கரைக் கண்டுகொள்ள வேண்டாம். திரையின் இருட்டான பகுதியில் மட்டும் பின்விளக்கைத் தணிக்கும் வசதி அந்தச் சான்றிதழுக்குக் கட்டாயமில்லை. புள்ளி நிறம் மாற ஆகும் நேரம் "1 எம்எஸ்" (மில்லிவினாடி) என்பதும் அப்படித்தான். எந்த முறையில் அளந்தது என்பதைப் பொறுத்து மாறும்.

படி 5: வீட்டுக்கு வந்ததும்

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் நாள் முடியும்வரை பரணில் இருக்கட்டும். முதல் நாள் இரவே வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று முழுத்திரை நிறங்களைப் போட்டுச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பில் மூலைகள் லேசாக மின்னும், ஐபிஎஸ் என்றால் அது சகஜம். போனில் படம் எடுத்துப் பார்த்து பயப்படாதீர்கள், கேமரா அதைப் பெரிதாக்கிக் காட்டும்.

விண்டோஸில் டிஸ்ப்ளே அமைப்புக்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற இடத்துக்குப் போய் ஹெர்ட்ஸை நீங்களே ஏற்றுங்கள். பல சமயம் அது 60-லேயே உட்கார்ந்திருக்கும். 165 வாங்கி ஒரு வருடம் 60-இல் ஓட்டிய நண்பன் எனக்கு உண்டு.

பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், ஸ்கிரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட். அங்கே 1440பி சோதனை என்று ஒன்று இருக்கும், அதை ஒருமுறை ஓட்டுங்கள். படம் வந்தால் ரெசல்யூஷனில் 1440பி-யைத் தேர்ந்தெடுங்கள். 120 ஹெர்ட்ஸ் ஆட்டோமேட்டிக்கில் இருக்கட்டும். இத்தனை செய்தும் எல்லா கேமும் 120-இல் ஓடாது. கேமிலேயே அந்த வசதி இருக்க வேண்டும், பெர்ஃபார்மன்ஸ் மோடையும் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 1: எச்டிஎம்ஐ-யில் 120 வரவே இல்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவர் மாட்டியிருந்தது செட்டாப் பாக்ஸோடு வந்த பழைய கேபிள். பிஎஸ்5 பெட்டியிலேயே நல்ல கேபிள் வருகிறது, அதையே பயன்படுத்துங்கள். இன்னொருவரின் மானிட்டர் மெனுவில் எச்டிஎம்ஐ 1.4, 2.0 என்று மாற்றும் இடம் இருந்தது, வரும்போதே 1.4-இல் இருந்திருக்கிறது. இது எனக்கும் புதிது.

பின்சேர்க்கை 2: கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரிகிறது என்ற கேள்விக்கு. பிஎஸ்5-இல் ஆர்ஜிபி ரேஞ்ச் என்ற அமைப்பு ஆட்டோமேட்டிக்கில் இருக்கும். அதை ஃபுல் என்று மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் இருட்டான இடங்கள் ஒரேயடியாக மை பூசியது போல் ஆகிவிட்டால், மானிட்டர் லிமிடெட்டை எதிர்பார்க்கிறது. மானிட்டர் மெனுவிலும் அதே பெயரில் ஒன்று இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி.

பின்சேர்க்கை 3: மேசைக் கணினி இல்லை, லேப்டாப்தான் என்கிறீர்களா? லேப்டாப்பின் எச்டிஎம்ஐ எந்த வகை என்று அதன் கையேட்டில் பாருங்கள். யுஎஸ்பி சி ஓட்டை டிஸ்ப்ளேபோர்ட்டைத் தரும் வகையாக இருந்தால், சி-யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் ஒன்று வாங்கி மாட்டுங்கள். எச்டிஎம்ஐ கன்சோலுக்கு மிச்சமாகும். மாமா பையன் இப்போது கல்லூரி லேப்டாப்பையும் அப்படித்தான் மாட்டியிருக்கிறான். கணினிக்கும் லேப்டாப்புக்கும் ஒரே டிஸ்ப்ளேபோர்ட் ஓட்டை என்பதால் கேபிளைப் பிடுங்கி மாட்டும் வேலை கடைசியில் வந்தே விட்டது. நேற்று போன் செய்து, "அத்தான், இன்னொரு மானிட்டர் வாங்கலாமா?" என்று கேட்டான்.