புதிய பவளத்தை வீட்டுத் தொட்டிக்குப் பழக்குவது எப்படி?

என் தந்தையார் செம்பனைத் தோட்டத்து நாற்றுப்பண்ணையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். முளைவிட்ட விதையைச் சிறிய பையில் நட்டு, முதல் மூன்று மாத காலம் நிழல்வலைக்கடியில் வளர்த்து, பிறகு வலையைச் சிறிது சிறிதாக விலக்கித்தான் கன்றுகளை வெயிலுக்குக் கொண்டுவருவார்கள். சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டில் பவளத்தொட்டி வைத்த முதல் ஆண்டில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஈப்போவில் வாங்கிய மொண்டிப்போரா என்னும் பவள வகையின் பச்சைத் துண்டு ஒன்றைப் பொறுமையாகச் சொட்டுநீர் விட்டுப் பழக்கிய நான், அதே கையோடு அதை விளக்குக்கு நேர் கீழே, பாறையின் உச்சியில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அது சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. புதிதாகப் பவளம் வளர்ப்போர் பலர் இதே தவற்றைச் செய்வதைப் பார்க்கிறேன். தண்ணீருக்குப் பழகப் பவளத்துக்கு ஒரு மணி நேரம் போதும். வெளிச்சத்துக்குப் பழகப் பல வாரங்கள் ஆகும்.

வாங்குவதற்கு முன்

கடைத் தொட்டியின் உப்புத்தன்மை, காரத்தன்மை, விளக்கின் வலிமை ஆகிய மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தொட்டியில் உப்புத்தன்மையைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026, வெப்பநிலை 25 முதல் 26 பாகை, காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்ற அளவில் இருந்தால் போதும். எண்கள் சரியாக இருப்பதைவிட அவை நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதே முக்கியம். தொட்டியில் வளர்க்கப்பட்ட துண்டையே கேட்டு வாங்குங்கள். கடல் பூங்காக்களில் பவளம் எடுப்பதை மலேசியாவின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது.

முதல் படி: பையை மிதக்கவிடுதல்

தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். குளிர்நாட்டார் எழுதும் குறிப்புகளில் பைத் தண்ணீர் குளிர்ந்திருக்கும் என்று இருக்கும். நம் ஊரில் காரில் வந்த பை பெரும்பாலும் தொட்டியைவிடச் சூடாகவே இருக்கும். ஆகவே இங்கே நாம் பவளத்தைக் குளிர்விக்கிறோம். அதை மெதுவாகச் செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: சொட்டுநீர்

பவளத்தையும் பைத் தண்ணீரையும் சுத்தமான சிறு வாளியில் இடுங்கள். காற்றுக்குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டியிலிருந்து நொடிக்கு இரண்டு முதல் நான்கு சொட்டு வீதம் விழும்படி செய்து, வாளித் தண்ணீர் இரு மடங்கானதும் நிறுத்திவிடுங்கள். 30 முதல் 60 நிமிடத்துக்கு மேல் இதை இழுக்க வேண்டாம். குளிர்விப்பான் இல்லாத வாளி எங்கள் வீட்டு அறையில் ஒரு மணி நேரத்துக்குள் 30 பாகையை நெருங்கிவிடுகிறது. கூரியரில் வெகுநேரம் பயணம் செய்து வந்த பையென்றால் இன்னொரு காரணமும் உண்டு. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் எனப்படும் அமில-கார அளவு இறங்கியிருக்கும். பையைத் திறந்ததும் அது ஏறும், அதுவரை தீங்கு குறைவாக இருந்த அம்மோனியம் நச்சு மிக்க அம்மோனியாவாக மாறும்.

மூன்றாம் படி: மருந்துக் குளியல்

தட்டைப்புழு, கடல்நத்தை வகைகள் போன்ற ஒட்டுண்ணிகள் துண்டோடு வரும். தொட்டித் தண்ணீரில் பவளக் குளியல் மருந்தைப் புட்டியில் சொன்ன அளவில் கலந்து, பவளத்தை அதில் 5 முதல் 10 நிமிடம் வைத்து, ரப்பர் குமிழ் பொருத்திய உறிஞ்சுகுழலால் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். வெள்ளைக் கிண்ணத்தில் செய்தால், உதிர்ந்து நெளியும் புழுக்கள் கண்ணுக்குத் தெரியும். முட்டைகள் மருந்துக்குச் சாகாது. துண்டின் அடிப்புறத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தே அவற்றை அகற்ற வேண்டும். பிறகு வேறொரு கிண்ணத்துத் தொட்டித் தண்ணீரில் அலசுங்கள். பைத் தண்ணீரும் மருந்துத் தண்ணீரும் தொட்டிக்குள் போகவே கூடாது.

சோவாந்திட் எனப்படும், பொத்தான்கள்போல் கூட்டமாக வளரும் வகைகளைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். அவற்றில் சில பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சைக் கொண்டவை. அவை ஒட்டியிருக்கும் பாறையை ஒருபோதும் வெந்நீரில் கொதிக்க வைக்காதீர்கள், ஏனெனில் அந்த ஆவியே ஆளை மருத்துவமனைக்கு அனுப்பிவிடும்.

நான்காம் படி: வெளிச்சம்

பவளத்தின் திசுவுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பழக்கமில்லாத கடும் ஒளி பட்டால் அந்தப் பாசிகளில் நச்சு ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகுகின்றன. தன்னைக் காத்துக்கொள்ளப் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. நாம் காணும் வெளுப்பு அதுதான். வெப்பமும் சேர்ந்தால் இது விரைவாகும். 2010இல் கடல் நீர் சூடேறி வெளுப்பு பரவியபோது, ரெடாங், தியோமான் தீவுகளின் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றை அரசு மூடி வைத்ததற்கும் இதுவே காரணம். ஆகவே உங்கள் தொட்டி 28 பாகையைத் தாண்டியிருக்கும் நாளில் புதுப் பவளத்தை வெளிச்சத்துக்கு நகர்த்தாதீர்கள்.

முதலில் பவளத்தைத் தொட்டியின் அடியில், மணல் மேல் வையுங்கள். மற்றப் பவளங்கள் இல்லாத தொட்டியானால் விளக்கைப் பாதி வலிமைக்குக் குறைத்து, வாரத்துக்கு 10 விழுக்காடு உயர்த்தலாம். ஏற்கெனவே பவளங்கள் இருந்தால் அப்படிக் குறைப்பது அவற்றுக்கு நல்லதல்ல. அதற்கு நான் செய்வது இது: கொசுவலைத் துண்டுகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, புதுப் பவளத்துக்கு நேர் மேலே, தண்ணீரில் படாமல் தொட்டி விளிம்பில் பொருத்துவேன். ஐந்து நாளுக்கு ஒரு துண்டாக எடுத்துவிடுவேன். மூன்றும் போன பின்புதான் பவளம் தன் இடத்தை நோக்கி ஏறத் தொடங்கும், அதுவும் வாரத்துக்கு ஒரு சாண் தாண்டாமல். மென்பவளங்களும் பெரிய பாலிப் (பவளத்தின் பூப்போன்ற சிற்றுயிர்) வகைகளும் நடுமட்டத்தோடு நிற்கலாம். மொண்டிப்போரா, அக்ரோப்போரா போன்ற சிறு பாலிப் வகைகளே உச்சி வரை போக வேண்டியவை.

ஐந்தாம் படி: பார்த்திருத்தல்

முதல் நாள் பாலிப்கள் மூடியிருப்பதும் சளி போன்ற படலம் வழிவதும் இயல்பே. தோல்பவளம் ஒரு வாரம் வரை சுருங்கிக் கிடந்து, மெழுகுபோன்ற ஒரு தோலை உரித்துவிட்டு மலரும். நிறம் வெளிறினால் வெளிச்சம் மிகுதி. ஒரு படி கீழே இறக்குங்கள். பழுப்பேறினால் வெளிச்சம் போதவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். வெளிறிய பவளத்தில் கண்ணாடிபோல் தெளிந்த திசு இன்னும் இருக்கும், அது மீளக்கூடும். திசு உரிந்து வெறும் எலும்புக்கூடு தெரிந்தால் உடனே காரத்தன்மையைச் சோதியுங்கள். நீரோட்டம் நேராக மோதாமல் அலைந்து செல்லும்படி பாருங்கள். முதல் வாரம் தீனி வேண்டாம். அண்டைப் பவளத்திடமிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். யூஃபிலியா என்னும் பெரிய பாலிப் பவள வகைகள் இரவில் நீண்ட கொடுக்கிழைகளை வீசிக் கொட்டும்.

தினமும் இடம் மாற்றிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வாரங்கள் கழித்து, பாலிப்கள் காலையில் தவறாமல் விரியத் தொடங்கி, ஓரத்தில் வெளிர்நிறப் புதுவளர்ச்சிக் கோடு தெரிந்ததும், ஜெல் பசையால் துண்டை அதன் நிலையான இடத்தில் ஒட்டிவிடுங்கள்.